கட்டிலுக்கடியில் உன் பாட்டில்கள்

பாப்பா,

நைனாதான் எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் மழை, சளி, முட்டிவலி என்று ஊரைச் சுற்றிக்கொண்டு விஷயத்துக்கு வருவதற்குள் நீ "சரி நைனா, டேங்க்காண்ட போவணும், வெச்சிரட்டுமா" என்பாய். நானும் "வெய்யி" என்று சொல்லிவிடுவேன். உனக்கும் டேங்க், எனக்கும் டேங்க். பெங்களூரில் உன் டேங்க்கில் பீர், இங்கே என் டேங்க்கில் ஊருக்குக் குடிதண்ணீர். வாழ்க்கை முழுக்க அந்தத் தொட்டி ஏணியில் ஏறி இறங்கியே என் முட்டி தேய்ந்தது. ஆனால் அதைவிட இந்தச் சில மாதங்களில் உனக்கும் உன் அம்மாவுக்கும் நடுவில் நின்றதில்தான் அதிகமாகத் தேய்ந்துபோனேன். அவள் உன்னிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறாள். நீ அவளிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறாய். "சாப்டுச்சான்னு கேளு" என்று அவள் சொல்லி, நான் கேட்டு, நீ "சாப்ட்டேன்னு சொல்லு" என்று சொல்லி, நான் போய்ச் சொல்லி... எனக்கு அலுத்துவிட்டது பாப்பா. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தை யாரும் நடுவில் வைத்துவிட முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பார்த்திருக்கிற திருமுக்கூடல் பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்துபோனார்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அது உனக்கு விளங்க வேண்டுமென்றால், நீ கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போன பிறகு இந்த வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் நீ இங்கே பீர் காய்ச்சிய நாட்களிலிருந்து வர வேண்டும். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள். வயதானவன் ஒரு நூலைப் பிடித்தால் ஆரம்பத்திலிருந்துதான் சுற்றுவான்.

உன் வேலையை நான் ஊரில் "ஃபுட் கம்பெனி" என்றே சொல்லிவந்தேன். அப்படிச் சொல்ல நீ சொல்லவில்லை. "கேட்டா கேக்கட்டும், பொய் சொல்லாத" என்றுதான் நீ சொன்னாய். எனக்குத்தான் வாய் வரவில்லை. சாலவாக்கம் டீக்கடையில் நான்கு பேர் நடுவில் நின்று "என் பொண்ணு பீர் காய்ச்சுது" என்று சொல்லும் தெம்பு எனக்கு அப்போது இல்லை. அப்புறம் உன் பெரியப்பா மகன் போனில் ஒரு போட்டோவைக் காட்டிவிட்டான். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஆள் உயர ஸ்டீல் தொட்டி பக்கத்தில், கையில் கண்ணாடி கிளாஸோடு நீ சிரித்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு போனை அவன் கையில் கொடுத்துவிட்டு நடவுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்துதான் அவள் உன்னோடு பேசவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். உன் மாமன் சாராயத்தில் போனவன். கூடப் பிறந்தவன் ஒருவன்தான் அவளுக்கு. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி வார்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். நான் இந்த வயது வரைக்கும் குடிக்காமல் இருப்பதற்கு நான் நல்லவன் என்பது காரணமில்லை. அவள் அந்த வார்டிலிருந்து வீட்டுக்கு வந்த நாளில் அவள் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

உன் கம்பெனியை இடித்துக் கட்டுகிறார்கள் என்று லீவு விட்டபோது நீ முளைகட்டி உலர்த்திய பார்லி ஒரு சாக்கும் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேனும் தூக்கிக்கொண்டு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாய். என்ன இது என்றேன். "அம்மா கண்ணெதிர்ல காய்ச்சப் போறேன் நைனா. மாமா குடிச்சது வேற, நான் செய்றது வேற. ஒளிச்சி மறைக்க இதுல ஒண்ணும் இல்லன்னு அது பாக்கட்டும்" என்றாய். வீட்டில் காய்ச்சினால் போலீஸ் கேஸ் ஆகிவிடும், நான் பஞ்சாயத்து சம்பளம் வாங்குகிறவன் என்றேன். விக்கிறதுக்கா காய்ச்சுறேன், ஒரே ஒரு கேன் என்றாய். சட்டத்துக்குக் கேன் கணக்கு தெரியாது என்றேன். நீ கேட்கவில்லை. நீ யார் பேச்சைக் கேட்டாய், உன் அம்மா யார் பேச்சைக் கேட்டாள்? ஒரே அச்சில் வார்த்த இரண்டு பேர்.

பின்கட்டில் மூன்று கல் வைத்து அண்டாவை ஏற்றினாய். பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி அந்தச் சாற்றைக் கொதிக்கவிட்டாய். நான் அடுப்பைக் கொஞ்சம் தணித்தபோது என் கையைத் தட்டிவிட்டாய். கொதி தளதளவென்று ஓயாமல் இருக்க வேண்டும், அப்போதுதான் கலங்கல் திரிந்து தனியாகப் பிரியும், சோம்பேறித்தனமாகக் கொதித்தால் கடைசிவரை மங்கலாகவே நிற்கும் என்றாய். இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால், தெளிவதற்காகக் கடல்பாசித் தூள் ஒரு சிட்டிகை. இறக்கினதும் சட்டென்று ஆற வேண்டும், தானாக ஆறவிட்டால் குளிரவைக்கும்போது புகை மாதிரி ஒரு மூட்டம் வந்துவிடும் என்று சொல்லி, மீன்காரரிடம் ஐஸ் பார் வாங்க என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். தெரு முழுக்க வாசனை. பக்கத்து வீட்டு அஞ்சலை வேலிக்கு மேலே தலையை நீட்டி, "இன்னாக்கா, வாசன தூக்குது, இன்னா செய்றீங்க?" என்று கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா உள்ளே இருந்து சொன்னாள்: "சத்துமாவுக்கு வறுத்துக்கினு கீது." உன்னோடு பேசாதவள் உனக்காகப் பொய் சொன்னாள். நீ அப்போது சைக்கிளில் இருந்தாய். இதை உனக்கு யாரும் சொல்லவில்லை.

நீ ஐஸ் வாங்கப் போன அந்த நேரத்தில்தான் நான் என் திருப்பணியைச் செய்தேன். "கேன் சுத்தமா இருக்கணும் நைனா, அதான் எல்லாமே" என்று காலையிலிருந்து நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். சுத்தம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தொட்டி கழுவுகிற மாதிரியே ஒரு கை பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, உள்ளே துணியை விட்டுத் தேய்த்து, மேலுக்கு ஒரு அலசு அலசிக் கவிழ்த்துவைத்தேன். தொட்டியில் கொஞ்சம் நின்றால் நல்லதுதானே, நோய்க்கிருமி சாகும் என்கிற பழக்கம். உன் வயிற்றுக்கு எதுவும் வந்துவிடக் கூடாது என்று இன்னும் ஒரு கை சேர்த்தேன் என்பதும் உண்மை. முகர்ந்து பார்த்திருக்கலாமே என்பாய். என் மூக்கு அந்தத் தொட்டியிலேயே செத்துப்போய் வெகுகாலம் ஆகிறது. உன் அம்மா தாளிப்பது தீய்ந்தால்கூட அவள் கத்தினால்தான் எனக்குத் தெரியும். நீ வேர்த்து விறுவிறுத்து ஐஸோடு வந்தாய். ஆறினதும், கேன் தயாராக இருக்கிறது என்ற சந்தோஷத்தில் ஊற்றி, ஈஸ்ட்டையும் தூவிவிட்டாய். அடுப்புப் புகையில் உன் மூக்கும் அன்றைக்கு உன்னிடம் இல்லை.

அப்புறம் இருந்ததெல்லாம் சும்மா இருக்கிற வேலைதான். எனக்கு அதுதான் பெரிய அதிசயம். இருட்டறையில் கேனை வைத்துவிட்டு அசைக்காதே, திறக்காதே, எட்டிப் பார்க்காதே என்றாய். நுரை அடங்கின பிறகு ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டால் மிச்சம் இருப்பதும் கீழே படியும் என்றாய். ஃப்ரிட்ஜின் தட்டுகளை எல்லாம் உருவிப்போட்டாய். உன் அம்மாவின் மாவுச் சட்டி வெளியே வந்தது, மாவு புளித்து வழிந்தது, அவள் முணுமுணுக்காமல் துடைத்தாள். அந்த வாரம்தான் பராமரிப்பு என்று பகல் முழுக்க கரண்ட் நிறுத்தினார்கள். நீ காஞ்சிபுரத்துக்குப் பாட்டில் மூடி வாங்கப் போயிருந்தாய். வெயிலில் தொட்டி பார்த்துவிட்டு வந்த நான் ஜில்லென்று ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று ஃப்ரிட்ஜில் கை வைத்தேன். கூடத்திலிருந்து உன் அம்மாவின் குரல் வந்தது. "தொறக்காதய்யா. சில்லு பூடும்." நான் கையை எடுத்துவிட்டுப் பானைத் தண்ணீரைக் குடித்தேன். அன்றைக்கே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

அதனால்தான் அந்த நாள் எனக்கு அவ்வளவு வலித்தது. வண்டலைத் தொடாமல் டியூப் வைத்து மேலாக இழுத்து, பாட்டிலில் கொஞ்சம் சர்க்கரை போட்டு அடைத்து, மறுபடி காத்திருந்து, கடைசியில் ஒன்றைத் திறந்தாய். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம் என்று கண்ணாடி டம்ளர் தேடி எடுத்து, பாட்டிலை ஒரே சாய்ப்பாகச் சாய்த்து ஊற்றி, அடியில் ஒரு விரல் அளவு வண்டலை அப்படியே நிறுத்திக்கொண்டாய். டம்ளருக்கு அந்தப் பக்கம் இருந்த காலண்டரில் தேதி படிக்க முடிந்தது. அவ்வளவு தெளிவு. உன் முகத்தை நான் பார்த்தேன். பத்தாவதில் மார்க்கு வந்தபோதுகூட நீ அப்படிச் சிரிக்கவில்லை. முகர்ந்துகூடப் பார்க்காமல் அதை முதலில் உன் அம்மாவிடம் நீட்டினாய். "குடிக்க வாணாம்மா. பாரு. மோந்து மட்டும் பாரு."

அவள் வாங்கினாள். உன் கையிலிருந்து ஒரு பொருளை அவள் வாங்கியே எத்தனை மாதம் ஆகியிருந்தது. மூக்குகிட்டே கொண்டுபோனாள். சட்டென்று டம்ளரை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தாள். "ஆஸ்பத்திரி நாத்தம். எங்கண்ணன் படுத்துக்கினு இருந்த வார்டு நாத்தம். இதத்தான் எனக்குக் காட்றதுக்கு எடுத்தாந்தியா?" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். நீ அதை எடுத்து ஒரு வாய் குடித்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். "நைனா, கேன எதுல கழுவினே?" என்றாய். நான் சொன்னேன். நீ சிரித்தாய், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாய். பிளீச்சிங் துளி ஒட்டியிருந்தாலும் போதும், பீரில் மருந்து வாடை ஏறிவிடும் என்றாய். அம்மாவிடம் நானே சொல்லுகிறேன் என்று எழுந்தேன். "வாணாம் நைனா, உன்னத் திட்டும். நான் எது செஞ்சாலும் அதுக்கு அந்த நாத்தம்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை.

இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாதது. நீ என்னைக் காப்பாற்றப் பார்த்தாய், ஆனால் நான் அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டேன். "அது பீர் நாத்தம் இல்ல, என்னோட பிளீச்சிங்" என்றேன். வார்டைக் கழுவுவதும் அதே பவுடரில்தான், அதைத்தான் அவள் முகர்ந்தாள் என்றேன். திட்டுவாள் என்று நின்றுகொண்டிருந்தேன். திட்டவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது, இரண்டு பேரும் அதையே சாப்பிட்டோம். மறுநாள் மீதி பாட்டில்களைக் கொண்டுபோய் வாய்க்காலில் ஊற்றிவிடலாம் என்று கட்டிலுக்கடியில் கை விட்டேன். யாராவது பார்த்தால் வம்பு என்ற பயம் எனக்கு இன்னும் விடவில்லை. "கெடக்கட்டும். அது வெச்சிட்டுப் போன எடத்துலயே கெடக்கட்டும்" என்றாள். அதோடு சரி.

நம் வீட்டைத் தினம் கூட்டுகிறவளுக்குக் கட்டிலுக்கடியில் துடைப்பம் போகாமல் இருக்காது, உனக்குத் தெரியும். முதலில் பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் கேட்கும். கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. ஒருநாள் எட்டிப் பார்த்தேன். துடைப்பத்தை வைத்துவிட்டு, குனிந்து, பாட்டில்களைச் சுற்றி ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றையும் அசைக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "அன்னிக்கி அடியில ஒண்ணு நின்னுக்கினு இருந்துச்சே, அது ஆட்டினா மேல வந்துருமா?" என்று கேட்டாள். வரும் என்றேன். "அப்பால மறுபடி குந்துமா?" என்றாள். விட்டுவைத்தால் உட்காரும், நேரம் பிடிக்கும் என்று பாப்பா சொன்னது என்றேன். "ம்" என்றாள். அந்த 'ம்'மை நான் போனில் உனக்கு எப்படிச் சொல்லுவேன், நீயே சொல்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பிள்ளையின் அப்பா, அம்மா, ஒரு சித்தப்பா, மூன்று பேர் வந்தார்கள். நல்ல மாதிரியான ஜனங்கள்தான். கேசரி, காபி எல்லாம் ஆயிற்று. பிள்ளையின் அம்மா, "பொண்ணு இன்னா கம்பெனில கீது, சரியா சொல்லவே இல்லியே" என்று கேட்டது. நான் வழக்கம்போல "ஃபுட்டு..." என்று ஆரம்பித்தேன். உன் அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். "பீர் கம்பெனி. பீர் காய்ச்சுது என் பொண்ணு" என்றாள். காபி டம்ளர்கள் அந்தரத்தில் நின்றன. "பொம்பளப் புள்ள செய்ற வேலையா அது?" என்று அந்த அம்மா மெதுவாகத்தான் கேட்டது. உன் அம்மாவும் குரலை உயர்த்தவில்லை. "எங்கண்ணன் குடிச்சிட்டு உளுந்து கெடந்தப்போ தூக்கியாந்தது பொம்பள. ஆஸ்பத்திரில ராவும் பகலும் குந்தினு இருந்தது பொம்பள. அதெல்லாம் பொம்பள வேலன்னா இதுவும் பொம்பள வேலதான். எனக்கு அந்த வேல புடிக்கல. இன்னிக்கும் புடிக்கல. ஆனா மூடி மறைச்சி ஒரு வூட்டுக்கு அனுப்ப என்னால ஆவாது. குடிக்குமான்னு கேப்பீங்க. என் பொண்ணையே கேளுங்க, பொய் சொல்லாது."

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்துவந்தாள். இரண்டு கையிலும் ஏந்தி, தளும்பத் தளும்பப் பால் சொம்பு கொண்டுவருகிற மாதிரி, அடி அடியாக வைத்து நடந்து வந்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். பின்னால் வெயில். உள்ளே தேன் நிறத்தில் ஒரு தூசி இல்லை. "இத்த செய்யறதுக்குக் கை சுத்தமா இருக்கணும், பொறுமை இருக்கணும். ரெண்டும் என் பொண்ணுகிட்ட கீது. போயிச் சொல்லுங்க உங்க புள்ளகிட்ட" என்றாள். பிள்ளையின் அப்பா எழுந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் வெகுநேரம் பார்த்தார். போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். இதுவரை தகவல் இல்லை. வருமா என்றும் தெரியாது.

வந்தால் எனக்குச் சந்தோஷம். வராவிட்டால் நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. உண்மையைக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் போகட்டும். பொய்யைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தவர்களை வாழ்நாள் முழுக்கச் சமாளிக்கிற அசதி உனக்கு வேண்டாம். ஒரு 'ஃபுட் கம்பெனி'யை இரண்டு வருஷம் தூக்கிச் சுமந்ததற்கே எனக்கு இப்படி மூச்சு வாங்குகிறது. நீ செய்கிற வேலையை நீ எந்த வீட்டுக்குப் போனாலும் அதன் பெயரைச் சொல்லியே செய். கோபம் வந்தால் பையைத் தூக்காதே, அங்கேயே உட்கார். நீ பீரிடம் காட்டுகிற பொறுமையில் பாதியை மனுஷர்களிடமும் காட்டு. அதிலும் உன் அம்மாவிடம். அவள் படியத் தெரியாதவள் இல்லை. நீதான் அவள் படிவதற்குள் பஸ் ஏறிவிட்டாய். இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஏணி ஏற வேறு ஆள் பார்க்கச் சொல்லிப் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டேன். நானும் கொஞ்சம் ஓர் இடத்தில் உட்கார வேண்டும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. உன் வெள்ளைக் கேனை நீ விட்டுவிட்டுப் போனாயே, அதைப் பிள்ளை வீட்டார் போன மறுநாள் உன் அம்மா வெளியே எடுத்தாள். தினமும் காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு குண்டான் வெந்நீர் போட்டு அதில் ஊற்றுகிறாள். குலுக்கிக் கொட்டுகிறாள். முருங்கை மரத்தடியில் வெயில் விழுகிற பக்கமாகக் கவிழ்த்துவைக்கிறாள். சாயங்காலம் வந்ததும் தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்க்கிறாள். "இன்னும் கீது" என்கிறாள். மறுநாள் மறுபடி வெந்நீர். என்னை அதன் பக்கமே வர விடுவதில்லை, பிளீச்சிங் டப்பாவை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு. எதற்கு இத்தனை பாடு என்று கேட்டேன். "அது வந்தா கேக்கும் இல்ல" என்றாள்.

நேற்று கேனை என் மூக்குக்கு நேராகப் பிடித்து, "பூடுச்சா பாரு" என்றாள். எனக்கு என்ன தெரியும், என் மூக்கு செத்த மூக்கு. அவளுக்கோ அந்த நாற்றம் கேனில் இருக்கிறதா, மனசில் இருக்கிறதா என்று தெரியவில்லை. இந்த வீட்டில் நம்பும்படியான மூக்கு உன்னுடையது ஒன்றுதான். லீவு கிடைத்ததும் வா, பாப்பா. வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முகர்ந்து பார்த்து, போய்விட்டது என்று நீ சொல்.

நைனா